ஆஸ்திரேலிய அவுட்பேக் மாட்டுப் பண்ணையில் தன்னார்வலராகத் தங்க: விசா முதல் கிளம்பும் நாள் வரை

அவுட்பேக் எனப்படும் ஆஸ்திரேலியாவின் உள்பகுதியைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் பலருக்கும் ஓர் ஆசை இருக்கும். வழியில் ஏதாவது ஒரு பெரிய மாட்டுப் பண்ணையில் சில வாரம் தங்கி, கூடமாட வேலை செய்து, அந்த வாழ்க்கையைக் கிட்டத்தில் பார்த்துவிட்டு வரவேண்டும் என்று. நல்ல ஆசைதான். நான் பிரிஸ்பேனில் மாணவ விசாவில் இருந்தபோது மேற்குக் குயின்ஸ்லாந்துக்கு அப்படிப் போனேன். கிளம்புவதற்கு முன்னால் பட்ட பாடுதான் பெரிது. விசா விதி ஓர் இடத்தில், தடுப்பூசி விவரம் வேறோர் இடத்தில், பண்ணைக்குப் போய்ச் சேரும் வழி யாருக்குமே தெரியாது என்று ஒவ்வொன்றாக விசாரித்துச் சேர்க்க வேண்டியிருந்தது. அடுத்து போகிறவர்கள் அந்த அலைச்சல் படவேண்டாம் என்று எல்லாவற்றையும் வரிசையாக இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே பண்ணையை ஸ்டேஷன் என்பார்கள். தெற்கு ஆஸ்திரேலியாவின் அன்னா கிரீக் ஸ்டேஷன் ஒன்றே 15,000 சதுர கிலோமீட்டருக்கு மேல், அதாவது தமிழ்நாட்டின் பரப்பில் கிட்டத்தட்ட எட்டில் ஒரு பங்கு. எல்லாம் அவ்வளவு பெரிதில்லை என்றாலும், பக்கத்து ஊர் நூறு, இருநூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பது சாதாரணம். மறந்துபோன மருந்தையோ காகிதத்தையோ போய் எடுத்துவர முடியாது. அதனால் பாதி வேலை கிளம்புவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

1. எந்த மாதிரி உதவி என்று முடிவு செய்யுங்கள்

“தன்னார்வலர் தேவை” என்ற அறிவிப்புக்குப் பின்னால் மூன்று வேறு வேறு ஏற்பாடுகள் இருக்கலாம்.

வீட்டோடு தங்கி உதவுவது ஒன்று. வொர்க்அவே, ஹெல்ப்எக்ஸ், வூஃப் போன்ற தளங்களில் கட்டணம் கட்டிச் சேர்ந்தால் பண்ணைக் குடும்பங்களோடு நேராகப் பேசலாம். நாளுக்கு நான்கைந்து மணி நேரம் தோட்டம், கோழி, சமையல், பெயின்ட், குழந்தைகளுக்குப் பாடத்தில் உதவி. பதிலுக்குச் சாப்பாடும் படுக்கையும்.

அமைப்புகள் வழியாகப் போவது இன்னொன்று. ஃபிரான்டியர் சர்வீசஸ் என்ற தொண்டு அமைப்பு நடத்தும் அவுட்பேக் லிங்க்ஸ், கைக்கு ஆள் இல்லாத தொலைதூரக் குடும்பங்களுக்குத் தன்னார்வலர்களை அனுப்புகிறது. பிளேஸ்எய்ட் காட்டுத்தீயிலும் வெள்ளத்திலும் போன வேலிகளை மறுபடி போட்டுத் தருகிறது. ஆசிரியராக இருந்தவர் என்றால் வைஸ் என்ற அமைப்பு இருக்கிறது, தொலைதூரக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே தங்கிப் பாடம் சொல்லித்தர ஆள் அனுப்புவார்கள். முதல் தடவை போகிறவர்களுக்கு நான் அமைப்பு வழியைத்தான் சொல்வேன். ஏதாவது தகராறு என்றால் கூப்பிட்டுப் பேச ஓர் ஆள் இருப்பார்.

மூன்றாவது, மாடு ஓட்டுவது, பட்டியில் கன்றுகளுக்கு முத்திரை போடுவது, நாள் முழுக்க வேலி அடிப்பது. இது தன்னார்வ வேலையே இல்லை, சம்பள வேலை. ரிங்கர் (மாடு ஓட்டுபவர்), ஸ்டேஷன் ஹேண்ட் (பண்ணை வேலையாள்), சமையல்காரர் என்று இதற்கெல்லாம் பதவியே உண்டு, பாஸ்டரல் அவார்ட் என்ற சட்டப்படியான ஊதிய விதியும் உண்டு. ஆஸ்திரேலியாவின் தேசியக் குறைந்தபட்ச ஊதியம் 2025 ஜூலை முதல் மணிக்கு 24.95 டாலர். ஒவ்வொரு ஜூலையிலும் அது மாறும்.

நான் தேடிய காலத்தில் ஒரு பண்ணை, சூரியன் எழுந்து விழும்வரை, வாரம் ஆறு நாள், சம்பளமில்லாமல் வரச்சொன்னது. “அனுபவம் கிடைக்கும் இல்லையா” என்றார்கள். எத்தனை மணி நேரம் என்று எழுத்தில் கேட்டதும் பதில் நின்றுபோனது. ஒரு வியாபாரத்துக்கு லாபம் தரும் வேலையைத் தினமும் நேரக் கணக்கில் செய்கிறவர் தொழிலாளிதான். சாப்பாடு போட்டுவிட்டால் அது சரியாகிவிடாது. சந்தேகம் வந்தால் தொழிலாளர் உரிமைகளைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஃபேர் வொர்க் ஒம்புட்ஸ்மனை 13 13 94 என்ற எண்ணில் கேட்கலாம். ஆங்கிலத்தில் பேசத் தயக்கமாக இருந்தால் 131 450க்கு அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள், இணைத்துத் தருவார்கள்.

2. உங்கள் விசா எதை அனுமதிக்கிறது என்று பாருங்கள்

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

சுற்றுலா விசா: வேலை செய்யக்கூடாது என்ற நிபந்தனையோடு வருவது. தன்னார்வ உதவிக்குக் கொஞ்சம் இடம் உண்டு, ஆனால் பயணத்தின் முக்கிய நோக்கம் சுற்றுலாவாக இருக்க வேண்டும், உதவி இடையில் வந்துபோவதாக இருக்க வேண்டும், சம்பளத்துக்கு ஓர் ஆஸ்திரேலியர் செய்திருக்கக்கூடிய வேலையாக இருக்கக்கூடாது. சாப்பாடும் தங்குமிடமும் வாங்கிக்கொள்ளலாம், கைச்செலவுக்கென்று கூலி வாங்கக்கூடாது. ஆக, மூன்று வாரப் பயணத்தில் சில நாள் ஒரு குடும்பத்தோடு தங்கித் தோட்ட வேலையில் உதவுவது வேறு, மூன்று மாதம் பண்ணையிலேயே உட்கார்ந்துவிடுவது வேறு.

மாணவ விசா: வகுப்பு நடக்கும்போது இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை செய்யலாம். விடுமுறையில் வரம்பு கிடையாது. அதனால் விடுமுறையில் பண்ணைக்குப் போகும் மாணவர் சம்பளத்துக்கே போகலாம்.

வொர்க் அண்ட் ஹாலிடே விசா (462): இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு 2024இல் திறந்தது. 18 முதல் 30 வயதுவரை. வருடத்துக்கு 1,000 இடம்தான், அதற்கும் குலுக்கல். குலுக்கலில் பதிய 25 டாலர், பெயர் வராவிட்டால் திரும்பக் கிடைக்காது. பெயர் வந்தால் விசாக் கட்டணம் 650 டாலருக்கு மேல், கையிருப்பு சுமார் 5,000 டாலர் காட்டவேண்டும், பள்ளிக்குப் பிறகு குறைந்தது இரண்டு வருடப் படிப்பு, ஆங்கிலத் தேர்ச்சிக்குச் சான்று. மலேசிய, சிங்கப்பூர் கடவுச்சீட்டுக்காரர்களுக்கும் இதே 462தான். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு இந்த வழி இல்லை.

462இல் வருகிறவர்கள் நன்றாகக் கவனிக்க வேண்டியது: இரண்டாம் வருட விசாவுக்கு மூன்று மாதம், அதாவது 88 நாள், குறிப்பிட்ட பகுதிகளில் குறிப்பிட்ட வேலை செய்திருக்க வேண்டும். சம்பளமில்லாப் பண்ணை வேலை இந்தக் கணக்கில் சேராது. தீ, வெள்ளப் பாதிப்பு என்று அரசு அறிவித்த பகுதிகளில் செய்யும் மீட்பு வேலை மட்டும் விதிவிலக்கு, அது தன்னார்வமாக இருந்தாலும் சேரும். “எங்களிடம் வந்து தங்கு, 88 நாளுக்குக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்” என்று யாராவது சொன்னால் நம்பிப் போகாதீர்கள். விசா அதிகாரிகள் சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கு அறிக்கையும் கேட்பார்கள். ஒத்துப்போகாவிட்டால் அடிபடுவது உங்கள் விசா.

3. மாதத்தைப் பார்த்து முடிவெடுங்கள்

வடக்கே வருடத்தில் இரண்டே பருவம். நவம்பர் முதல் ஏப்ரல்வரை மழை, மே முதல் அக்டோபர்வரை வறட்சி. மாடுகளைத் திரட்டும் வேலை வறட்சிக் காலத்தில்தான், பெரும்பாலும் இரண்டு சுற்றாக நடக்கும். சம்பள வேலைக்கு ஆள் எடுப்பது ஜனவரி, பிப்ரவரியிலேயே தொடங்கிவிடும்.

மாணவர்களுக்கு நீண்ட விடுமுறை நவம்பர் முதல் பிப்ரவரிவரை வருகிறது. நேரம் இருக்கிறதே என்று அப்போது போகாதீர்கள். 40 டிகிரிக்கு மேல் வெயில், அல்லது மழையில் அறுந்த சாலை. கரிசல் மண் நனைந்தால் வண்டி அசையாது, ஒரு வாரம்கூட உள்ளேயே கிடக்க நேரும். ஜூன் கடைசியிலிருந்து ஜூலைவரை வரும் குளிர்கால விடுமுறைதான் சரியான காலம். பகல் இதமாக இருக்கும். ராத்திரி நன்றாகக் குளிரும், நடு ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பக்கம் பூஜ்யத்துக்குக் கீழேயே போகும். பாலைவனம்தானே என்று மெல்லிய போர்வையோடு போகிறவர்கள் தூங்கமாட்டார்கள்.

4. குடும்பத்தோடு பேசி எழுத்தில் வாங்குங்கள்

முதல் கடிதத்தில் உங்களைப் பற்றி நான்கு வரி போதும். என்ன தெரியும் என்று நேராகச் சொல்லுங்கள். கியர் வண்டி ஓட்டத் தெரியும் என்றால் முதல் வரியிலேயே எழுதுங்கள். பண்ணை யூட்டுகள் (பின்னால் சாமான் ஏற்றும் சிறு வண்டிகள்) பெரும்பாலும் கியர் வண்டிகள், ஆட்டோமேட்டிக் மட்டும் ஓட்டிப் பழகிய வெளிநாட்டுப் பிள்ளைகள் அங்கே திணறுவார்கள். ஊரில் கற்றுக்கொண்ட ஓட்டுநர் பயிற்சி இங்கே உங்களுக்குக் கைகொடுக்கும். சமையல் தெரிந்தால் அதையும் எழுதுங்கள்.

பிறகு ஒரு வீடியோ அழைப்பு கேளுங்கள். இவற்றுக்குப் பதில் வாங்குங்கள்: நாளுக்கு எத்தனை மணி, வாரத்தில் எத்தனை நாள் ஓய்வு, தனி அறையா, கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா, வேறு யார் யார் தங்குகிறார்கள், இணையம் உண்டா, ஊருக்கு எத்தனை நாளுக்கு ஒரு தடவை போவார்கள், பிடிக்காவிட்டால் எப்படித் திரும்புவது. பேசி முடித்ததும் நீங்களே அதைச் சுருக்கி மின்னஞ்சலில் அனுப்பி “சரிதானே?” என்று கேட்டு, ஆமாம் என்று பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெண்கள் தனியாகப் போவதானால், முன்பு அங்கே தங்கிய ஒரு பெண்ணோடு பேசாமல் சம்மதிக்க வேண்டாம். நல்ல குடும்பம் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ளாது.

முன்பணம் கேட்டால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

5. தடுப்பூசி, காப்பீடு, சான்றிதழ்

கியூ காய்ச்சல் என்று ஒரு நோய் மாடு, ஆடுகளிடமிருந்து வரும். கன்று போடும் இடத்தில் உள்ள கிருமி தூசியோடு மூச்சில் போனாலே போதும். இதற்கான தடுப்பூசி ஆஸ்திரேலியாவில்தான் கிடைக்கும், ஊரில் போட்டுக்கொண்டு வரலாம் என்று நினைக்க வேண்டாம். முதல் நாள் ரத்தப் பரிசோதனையும் தோல் பரிசோதனையும் செய்வார்கள். ஏழு நாள் கழித்துத் தோலைப் பார்த்து, எதிர்வினை இல்லாவிட்டால்தான் ஊசி. அது வேலை செய்யத் தொடங்க இன்னும் இரண்டு வாரம். ஆகமொத்தம் ஒரு மாதம் முன்னதாக மருத்துவரிடம் நேரம் வாங்கவேண்டும். எல்லா மருத்துவரும் இதைச் செய்வதில்லை, தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். செலவு சில நூறு டாலர் ஆகும்.

வீட்டில் மாடும் ஆடும் வளர்த்தவர்கள் மருத்துவரிடம் அதைச் சொல்லியே ஆகவேண்டும். தெரியாமலேயே அந்தக் கிருமி உங்களைத் தொட்டிருக்கலாம். ஏற்கெனவே தொட்டவர்களுக்கு இந்த ஊசி கடுமையான எதிர்வினை தரும், அவர்களுக்குப் போடமாட்டார்கள். பரிசோதனையைத் தாண்டிக் குதிக்கப் பார்க்காதீர்கள். டெட்டனஸ் ஊசியும் போட்டுப் பத்து வருடம் ஆகியிருந்தால் கூடவே போட்டுக்கொள்ளுங்கள்.

காப்பீட்டில் சின்ன எழுத்தைப் படியுங்கள். இந்தியாவில் எடுக்கும் பயணக் காப்பீடுகள் பலவற்றில் உடலுழைப்பு, குதிரையேற்றம், குவாட் பைக் எல்லாம் விலக்கப்பட்டிருக்கும். பண்ணையில் அடிபட்டால் விமானத்தில் ஏற்றிப்போவது வரைக்கும் வரலாம், அதற்கு ஈடு உண்டா என்று எழுதிக் கேளுங்கள்.

குழந்தைகள் உள்ள வீடு என்றால், குழந்தைகளோடு வேலை செய்வதற்கான அனுமதி அட்டை தேவைப்படலாம். மாநிலத்துக்கு மாநிலம் வேறு, ஒன்றை வைத்து இன்னொன்றில் காலம் தள்ள முடியாது. குயின்ஸ்லாந்து, விக்டோரியாவில் தன்னார்வலர்களுக்கு இலவசம், ஆனால் வர வாரக்கணக்கில் ஆகலாம். ஓட்டுநர் உரிமம் எவ்வளவு காலம் செல்லும் என்பதும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். கிளம்பும் முன் அந்த மாநிலத்தின் போக்குவரத்துத் துறைப் பக்கத்தில் பாருங்கள். எல்லாக் காகிதத்தையும் கைபேசியில் மட்டும் வைக்காமல் அச்செடுத்துக்கொள்ளுங்கள்.

முடிந்தால் ஒரு நாள் முதலுதவிப் பயிற்சி எடுத்துவிடுங்கள். 100 டாலருக்குக் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். பாம்புக் கடிக்கு அழுத்தக் கட்டு எப்படிப் போடுவது என்பதை அங்கே கையைப் பிடித்துச் சொல்லித்தருவார்கள். கடித்த இடத்தைக் கழுவக்கூடாது, கீறக்கூடாது, இறுக்கிக் கயிறு கட்டக்கூடாது. அகலமான அழுத்தத் துணியால் கை அல்லது கால் முழுக்கச் சுற்றி, அசையாமல் படுக்க வைக்க வேண்டும்.

6. ஊரிலிருந்து வருகிறவர்கள் விமான நிலையத்தில்

இறங்கும்போது நிரப்பும் அட்டையில், கடந்த 30 நாளில் பண்ணைக்கோ பண்ணை விலங்குகளிடமோ போனீர்களா என்று ஒரு கேள்வி இருக்கும். கிராமத்து வீட்டில் மாட்டுக்குத் தண்ணீர் வைத்துவிட்டுக் கிளம்பியவர் “ஆமாம்” என்றுதான் எழுதவேண்டும். இந்தியாவில் கோமாரி நோய் உண்டு, ஆஸ்திரேலியாவில் இல்லை. அது உள்ளே நுழைந்தால் அங்கே மாட்டுத் தொழிலே படுத்துவிடும். “ஆமாம்” என்றால் திருப்பி அனுப்பமாட்டார்கள், செருப்பைப் பார்த்து, தேவையானால் சுத்தம் செய்து தருவார்கள். பொய் சொன்னால்தான் அபராதம், விசா ரத்துவரை போகும். ஊரில் வயலில் போட்ட ஷூவைக் கொண்டுவராமல் இருப்பதே நல்லது. பால்கோவா, கருவேப்பிலை இவற்றையும் விட்டுவிட்டு வாருங்கள்.

7. சாப்பாடும் சாமானும்

பண்ணையில் தங்கள் மாட்டையே அடித்துக் குளிரறையில் தொங்கவிட்டிருப்பார்கள். காலை, மதியம், இரவு மூன்று வேளையும் மாட்டிறைச்சி வரும். சாப்பிடமாட்டீர்கள் என்றால் வீடியோ அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள். சங்கடப்பட வேண்டியதில்லை, போய் இறங்கிய பிறகு சொன்னால்தான் அவர்களுக்குக் கஷ்டம், ஏனென்றால் அடுத்த கடைப் பயணம் இரண்டு வாரம் கழித்து இருக்கலாம். அரிசி, பருப்பு, புளி, மிளகாய்த்தூள், சாம்பார்ப்பொடி எல்லாம் நகரத்து இந்தியக் கடையிலேயே வாங்கிக்கொண்டு போங்கள். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ், டார்வின் ஊர்களிலும் கிடைக்கும். வாரத்தில் ஒருநாள் நான் சமைக்கிறேன் என்று சொன்னால் அந்த வீட்டில் உங்கள் மதிப்பே தனி.

சாமானில் காசு செலவழிக்க வேண்டியது காலுக்கு. கணுக்காலுக்கு மேல் வரும் தோல் பூட்ஸ் 100 முதல் 200 டாலர், கிளம்புவதற்கு முன் வாங்கி வீட்டிலேயே போட்டு நடந்து பழக்குங்கள். அகல விளிம்புத் தொப்பி, முழுக்கைச் சட்டை, முகத்துக்கு ஈ வலை, தோல் கையுறை, தலையில் மாட்டும் விளக்கு. உடைகளைப் பழைய துணிக் கடையில் வாங்குங்கள், செம்மண் ஏறினால் பிறகு போகாது. சுருட்டி எடுத்துப்போகும் ஸ்வேக் என்ற படுக்கை பல பண்ணைகளிலேயே இருக்கும், கேட்டுவிட்டு வாங்குங்கள்.

சிம் டெல்ஸ்ட்ரா வலையில் இயங்குவதாக இருக்கட்டும், உள்பகுதியில் அதற்குத்தான் கொஞ்சமாவது சிக்னல். பண்ணை வீட்டில் செயற்கைக்கோள் இணையம் இருக்கும், வாசலைத் தாண்டினால் ஒன்றும் இருக்காது.

8. போய்ச் சேருவது

சொந்த வண்டி தேவையில்லை. பிரிஸ்பேனிலிருந்து லாங்ரீச்சுக்கு ஸ்பிரிட் ஆஃப் தி அவுட்பேக் ரயில், டவுன்ஸ்வில்லிலிருந்து மவுன்ட் ஐசாவுக்கு இன்லாண்டர் ரயில், இரண்டும் வாரத்துக்கு இரண்டு முறை. ரயில் நாளையும் பண்ணைக்காரர்கள் ஊருக்கு வரும் நாளையும் பொருத்திவைத்து டிக்கெட் எடுங்கள். பொருந்தாவிட்டால் ஊரில் இரண்டு ராத்திரி தங்கும் செலவு தலையில் விழும்.

வாடகை வண்டியில் போவதானால், மண் சாலையில் ஓட்ட அனுமதி உண்டா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். சாதாரணக் கார்களுக்குப் பெரும்பாலும் கிடையாது, அங்கே இடித்தால் முழுச் செலவும் உங்களுடையது. ஆளுக்கு நாளுக்கு பத்து லிட்டர் தண்ணீர், இரண்டு மாற்று டயர், வண்டிக்கு வண்டி பேசும் யூஎச்எஃப் ரேடியோ. மாலை மங்கினால் ஓட்ட வேண்டாம், கங்காருவும் மாடும் சாலையில் நிற்கும். பல டிரெய்லர்களை இழுத்துவரும் 53 மீட்டர் நீள லாரியான ரோடு டிரெய்ன் எதிரே வந்தால் வேகத்தைக் குறைத்து ஓரம் கொடுங்கள், அது உங்களுக்காக விலகாது. குயின்ஸ்லாந்தில் சாலை திறந்திருக்கிறதா என்று 13 19 40இல் கேட்கலாம். வண்டி நின்றுவிட்டால் வண்டியை விட்டு நடக்கக்கூடாது. தேடுகிறவர்கள் கண்ணுக்கு வண்டிதான் முதலில் படும். 300 டாலருக்கு மேல் விலையுள்ள அவசர அழைப்புக் கருவி ஒன்றை வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ செய்யுங்கள். வாங்கினால் ஆஸ்திரேலியக் கடல் பாதுகாப்பு ஆணையத்தில் பதியவேண்டும், அது இலவசம்.

9. முதல் வாரம்

காலை வெளிச்சம் வருவதற்குள் வேலை தொடங்கும், பத்து மணிவாக்கில் டீயும் கேக்குமாக ஒரு நிறுத்தம். புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் தண்ணீர்ச் சுற்று. யூட்டில் ஏறி ஒவ்வொரு ஆழ்துளைக் கிணற்றுக்கும் போய், தொட்டியில் தண்ணீர் நிறைகிறதா, மிதவை வால்வு சரியாக மூடித் திறக்கிறதா என்று பார்த்து, பாசியைத் துடைப்பத்தால் தேய்த்துத் தள்ளிவிட வேண்டும். சாதாரண வேலையாகத் தெரியும். ஆனால் ஒரு வால்வு ஒட்டிக்கொண்டதைக் கவனிக்காமல் வந்தால், அந்த வெயிலில் இரண்டு நாளில் மாடுகள் சாகும். சந்தேகம் வந்தால் ரேடியோவில் கேட்டுவிடுங்கள்.

வாயிற்கதவுகளை எப்படி இருந்ததோ அப்படியே விடவேண்டும். திறந்திருந்தால் திறந்தே, மூடியிருந்தால் மூடியே. வண்டியில் பக்கத்து இருக்கையில் இருப்பவர்தான் இறங்கித் திறப்பார். கம்பியும் குச்சியுமாக இழுத்துக் கட்டிய கதவுகள் உண்டு. குச்சியைத் தோளால் தூணோடு அணைத்து அழுத்திக்கொண்டு மேல் வளையத்தைக் கழற்ற வேண்டும், விட்டால் விசையோடு முகத்தில் அடிக்கும். முதல் நாளே ஒருவரைச் செய்துகாட்டச் சொல்லுங்கள்.

ஊர் மாட்டை நினைத்து இந்த மாடுகளிடம் போகாதீர்கள். இவை மனிதரைப் பார்ப்பதே வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை, அதுவும் ஹெலிகாப்டர் துரத்தும்போது. பட்டிக்குள் இறங்கும்முன் எந்தக் கம்பியில் ஏறித் தப்பலாம் என்று பார்த்துவைத்துக்கொண்டு இறங்குங்கள். குவாட் பைக்கை ஹெல்மெட் இல்லாமல் தொடவே வேண்டாம், ஆஸ்திரேலியப் பண்ணைகளில் அதிகம் உயிர் குடிக்கும் வண்டிகளில் அது ஒன்று. யார் அவசரப்படுத்தினாலும் “எனக்குத் தெரியாது, சொல்லிக்கொடுங்கள்” என்று சொல்லத் தயங்காதீர்கள்.

உடம்புக்கு முடியவில்லை என்றால் மறைக்கவேண்டாம். விமானத்தில் வந்து மருத்துவம் பார்க்கும் ராயல் ஃப்ளையிங் டாக்டர் சர்வீஸ் தொலைபேசியில் ஆலோசனை தரும். பல பண்ணைகளில் எண் போட்ட மருந்துப் பெட்டி இருக்கும், “இத்தனாம் எண் மருந்தை எடுங்கள்” என்று மருத்துவர் சொல்லச்சொல்லக் கொடுப்பார்கள். பெட்டி எங்கே, ரேடியோவில் வீட்டுச் சேனல் எது என்று வந்த அன்றே கேட்டு வையுங்கள். ரேடியோவில் 5ஆம் சேனல் அவசரத்துக்கு, லாரிக்காரர்கள் பேசுவது 40இல்.

10. கிளம்பும்போது

ஒரு வாரம் முன்னதாகச் சொல்லிவிடுங்கள், ஊருக்குப் போகும் வண்டியைப் பொறுத்துத்தான் உங்கள் நாள். நகரத்திலிருந்து விமானம் என்றால் நடுவில் மூன்று நான்கு நாளாவது இடைவெளி விடுங்கள், ஒரு மழை போதும் டிக்கெட் வீணாக. சம்பள வேலை செய்திருந்தால் எல்லாச் சம்பளச் சீட்டையும், பண்ணையின் தொழில் பதிவு எண்ணையும் (ஏபிஎன்) கையில் வாங்கிக்கொண்டே வண்டி ஏறுங்கள். பிறகு தொலைபேசியில் பிடிப்பது சிரமம், திரட்டும் காலத்தில் யாரும் வீட்டில் இருக்கமாட்டார்கள். தன்னார்வமாகப் போயிருந்தால் ஒரு பரிந்துரைக் கடிதம் கேளுங்கள், அடுத்த பண்ணைக்கு அதுதான் உங்கள் அறிமுகம். பூட்ஸில் ஒட்டிய மண்ணையும் களை விதையையும் அங்கேயே நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டுக் கிளம்புங்கள், அடுத்த பண்ணையில் வாசலிலேயே அதைத்தான் பார்ப்பார்கள்.